கேபிளும் கங்காணியும்

கேள்வி: எம்.பி.ஏ. முடித்து மூன்று ஆண்டு அனுபவம் இருக்கிறது. கோலாலம்பூரில் உள்ள ஒரு பெரிய கன்சல்டிங் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்தவரான அண்ணன் ஒருவர் அங்கே வேலை செய்கிறார். அவரே என் பெயரை உள்ளே கொடுத்தார். இவ்வளவு வலுவான கேபிள் (சிபாரிசு) இருந்தும் நான்கு வாரமாக ஒரு பதிலும் இல்லை. அண்ணனிடம் மறுபடி கேட்கலாமா, பேசாமல் இருப்பதா?
(ஒரு வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: தம்பி, பினாங்கில் இருந்துகொண்டு கேபிளை நம்புகிறீர்கள். ஆயிர் ஈத்தாமிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ரயில் கேபிளில்தானே ஓடுகிறது, அதன் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன நூற்றாண்டுத் தொடக்கத்தில் தண்டவாளம் எல்லாம் போட்டு முதலில் ஒன்றைக் கட்டினார்கள். அது ஓடவில்லை. பிறகு வேறொன்று கட்டி, 1923இல்தான் ஆளை ஏற்றினார்கள். அதிலும் 2010 வரை நடுவழியில் இறங்கி இன்னொரு பெட்டிக்கு மாற வேண்டும். மாறும் இடத்தில் நின்றுகொண்டு, குளிருக்கு வெள்ளைக்காரன் மலையேறினான், நாம் எதற்கு ஏறுகிறோம் என்று யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். நீங்கள் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள்.

அந்த ரயிலில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒரு பெட்டி மேலே போனால் மற்றொன்று கீழே வரும். இரண்டும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. உங்கள் கன்சல்டிங் நிறுவனங்களும் அப்படித்தான். இரண்டு மூன்று ஆண்டில் அடுத்த படிக்கு ஏறாதவரை மரியாதையாக வாசல்வரை கொண்டுபோய் விடுவது அங்கே பழைய வழக்கம். யாராவது ஏறியோ இறங்கியோ இடம் விட்டால்தான் கீழே ஆள் எடுப்பார்கள். ஆகவே அண்ணன் உங்களைப் பற்றி யோசிக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். அவர் தன் பெட்டி எந்தப் பக்கம் போகிறது என்ற கவலையில் இருக்கலாம்.

கேபிள் என்பது இப்போது வந்த பேச்சு. நம் ஆட்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியதே சிபாரிசில்தான். அந்தச் சிபாரிசுக்குக் கங்காணி என்று பெயர். தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்கிறவனைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, ஆள் திரட்டும் உரிமச் சீட்டோடு ஊருக்கு அனுப்புவார். அவன் தன் கிராமத்துக்குப் போய் மாமன், மச்சான், பங்காளி, அடுத்த தெருக்காரன் என்று திரட்டிக்கொண்டு வருவான். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் எல்லோரும் அதற்குப் பணம் கட்ட, கப்பல் கட்டணம் அதிலிருந்து போனது. கங்காணிக்கு என்ன லாபம்? தலைக்காசு. அவன் கூட்டிவந்த ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இத்தனை காசு. ஆள் படுத்துவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை. ஆகவே மச்சானுக்குக் காய்ச்சல் என்றால் கங்காணிக்கு வந்த பதற்றம் முழுவதும் பாசம் என்று சொல்ல முடியாது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதோடு இந்த ஏற்பாடு முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? இன்று பல நிறுவனங்களில், நீங்கள் பெயர் கொடுத்த ஆள் வேலைக்குச் சேர்ந்து தகுதிகாண் காலத்தைத் தாண்டினால் உங்களுக்கு ஒரு தொகை தருகிறார்கள். தலைக்காசை மாதச் சம்பளத்தோடு வங்கியில் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் படித்ததும் கிள்ளானிலிருந்து ஒரு சங்கச் செயலாளர் கடிதம் எழுதுவார். எப்போது கங்காணியைப் பற்றி எழுதினாலும் எழுதுவார். அவருடைய தாத்தா கங்காணி இல்லையாம், 'மேற்பார்வையாளர்'. சரி ஐயா, மேற்பார்வையாளர். ஆனால் ஒவ்வொரு தீபாவளி மலருக்கும் மருமகனின் கவிதையை, சங்க முத்திரை குத்திய சிபாரிசுக் கடிதத்தோடு அனுப்புகிறீர்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கடிதத்தில் உள்ள சந்தம் கவிதையில் இருந்தால் என்றைக்கோ போட்டிருப்பேன்.

ஒரு வேடிக்கை. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடையாக நடந்து நம் சனங்களைக் கொண்டுவந்த ரஜூலா கப்பல் கட்டப்பட்டது 1926இல். அதே 1926இல்தான் சிகாகோவில் ஜேம்ஸ் மெக்கின்சி என்கிற கணக்கியல் பேராசிரியர், கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிக் காசு வாங்கும் தொழிலைத் தன் பெயரிலேயே தொடங்கினார். ரஜூலாவில் மேல்தளத்தில் படுத்து வந்தவரின் பேரன் மெக்கின்சி வாரிசுகளின் வாசலில் நிற்கிறான். இதற்காகப் பெருமைப்படலாம். நான்கு வாரம் நிற்பதற்காக அழ வேண்டியதில்லை. தாத்தா கரையைத் தொடுமுன் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவலில் கிடந்திருப்பார், அவருக்கு அங்கே யார் பதில் சொன்னார்கள்?

இனி உங்கள் கேள்வி. அண்ணனிடம் கேளுங்கள். ஆனால் 'என்ன ஆச்சு அண்ணா' என்று கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது. பெயர் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்று பல இடங்களில் விதியில்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: 'என் பெயரைப் போட்டதோடு சரியா, என்னைப் பற்றி ஏதாவது எழுதினீர்களா?' படிவத்தில் பெயரைத் தட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவது ஒன்று. 'இவனோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறேன், கணக்கில் கெட்டி' என்று ஆள் எடுக்கும் பிரிவுக்கு நாலு வரி எழுதுவது வேறு. முதலாவது உங்கள் விவரக் குறிப்பை யாராவது ஒருவர் கண்ணில் படவைக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. இரண்டாவதற்குக் கொஞ்சம் எடை உண்டு. அண்ணன் இரண்டாவதைச் செய்யவில்லை என்றால் இப்போதும் செய்யலாம்.

ஆள் எடுக்கும் பிரிவுக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் போடலாம், மூன்று வரிக்குள். விண்ணப்பங்களை வந்த வரிசையில் பார்க்காமல் கடைசித் தேதிக்குப் பிறகு மொத்தமாகப் பிரிக்கிற இடங்கள் உண்டு. அப்படியானால் உங்கள் நான்கு வாரம் இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள். கடைசித் தேதி என்ன என்று பார்த்தீர்களா? எழுதவில்லையே.

ஒன்றில் மட்டும் கவனம். தேர்வில் தோற்றவர் மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டோ இரண்டாண்டோ காத்திருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. ஆகவே கதவு திறக்கிறதா என்று பார்ப்பதைவிட, திறந்தால் என்ன சொல்வது என்று பாருங்கள். 'மாமாக் கடை ஒன்றில் வியாபாரம் குறைகிறது, ஏன்?' என்கிற மாதிரி ஒரு சிக்கலைத் தந்து, பேசிப் பேசி அவிழ்க்கச் சொல்வார்கள். வாய்விட்டுப் பழகாமல் அது வராது. ஒரு கூட்டாளியைப் பிடித்துத் தினமும் ஒரு சிக்கலை அவிழ்த்துப் பழகுங்கள். வேறு இரண்டு நிறுவனங்களுக்கும் விண்ணப்பியுங்கள், அண்ணன் கோபிக்க மாட்டார்.

முதல் சுற்று பெரும்பாலும் திரையில்தான் நடக்கும். அந்த ஒரு மணி நேரம் அம்மாவைக் குக்கர் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.