வெல்ல முடியுமா என்று கேட்ட இரண்டு கட்சிகள்: ஈராக் போர் குறித்த கேள்வி பதில்

அமெரிக்க அரசியல் வரலாற்றைக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்த வாரக் கேள்விகளை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஈராக் போரை வெல்ல முடியுமா முடியாதா என்று 2006 முதல் 2008 வரை குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் மோதிக்கொண்டதைப் பற்றியே பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (முதுகலை மாணவி, திருச்சி): ஐயா, 2007 ஏப்ரலில் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட், இந்தப் போரில் தோற்றுவிட்டோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதத்தில் குடியரசுக் கட்சி அதிபர் புஷ் வெற்றி சாத்தியம் என்றார். இருவருக்கும் ஒரே உளவு அறிக்கைகள்தாமே போயிருக்கும்? பிறகு எப்படி இத்தனை பெரிய வேறுபாடு?

பதில்: அந்த ஏப்ரலை முதலில் நினைவுக்குக் கொண்டுவருவோம். 2006 பிப்ரவரி 22 அன்று சமாராவின் அல் அஸ்கரி மசூதியின் பொற்குவிமாடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்ட பிறகு, ஷியா, சுன்னி பிரிவினருக்கிடையே மூண்ட கொலைவெறி பாக்தாதைத் தெருத்தெருவாகப் பிரித்துப் போட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த இடைக்காலத் தேர்தலில் குடியரசுக் கட்சி இரு அவைகளையும் இழந்தது. மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் விலகினார். டிசம்பரில் பேக்கர், ஹாமில்டன் தலைமையிலான இருகட்சிக் குழு, நிலைமை மோசமாகவும் சீரழிந்துகொண்டும் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது. அந்த அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்ட புஷ், 2007 ஜனவரி 10 அன்று அதற்கு நேர் எதிர்த் திசையில், மேலும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களை அனுப்பப் போவதாக அறிவித்தார்.

ரீட் பேசியது ஏப்ரல் 19. அதற்கு முதல் நாள்தான் பாக்தாதில் நடந்த குண்டுவெடிப்புகளில் இருநூறு பேரளவில் மாண்டிருந்தார்கள். அதே மாதத்தின் முதல் நாளில் குடியரசுக் கட்சியின் செனட்டர் ஜான் மெக்கெய்ன் பாக்தாதின் ஷோர்ஜா சந்தையில் நடந்து காட்டி, பாதுகாப்பு மேம்பட்டிருப்பதற்கு அதையே சான்றாகக் கொண்டார். அவரைச் சுற்றி நூறு வீரர்கள் நின்றதும், தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள் வட்டமிட்டதும் அடுத்த நாளே வெளிவந்துவிட்டன. ஆக, செய்தி எல்லாருக்கும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தது. எதை வெற்றி என்று எண்ணினார்கள் என்பதில்தான் அவர்கள் பிரிந்து நின்றார்கள். அதை இரு தரப்பும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதே என் குறை.

கேள்வி (வங்கி ஊழியர், கோவை): அப்படியானால் வெற்றி என்பதற்கு அமெரிக்க அரசு வரையறை எதுவும் கொடுக்கவே இல்லையா?

பதில்: கொடுத்தது, ஒன்றுக்கு மேற்பட்ட முறை. 2003 மார்ச்சில் பேரழிவு ஆயுதங்களை ஒழிப்பதும் சதாம் உசேனை அகற்றுவதும் குறிக்கோள். சதாம் வீழ்ந்தார்; ஆயுதங்கள் இல்லை. அந்த அளவுகோலின்படி மே மாதத்திலேயே போர் முடிந்துவிட்டது. விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் நின்று அதிபர் பேசியதும் அந்த நம்பிக்கையில்தான். பிறகு ஜனநாயக ஈராக், மத்தியக் கிழக்குக்கே முன்மாதிரி என்று இலக்கு விரிந்தது. 2006 வாக்கில் தன்னைத் தானே ஆண்டு, தாங்கி, காத்துக்கொள்ளும் ஈராக் என்று சுருங்கியது. எல்லைக்கல்லைத் தோளில் சுமந்துகொண்டே ஓடுகிறவனிடம் எல்லையைத் தொட்டுவிட்டாயா என்று கேட்பது போன்ற நிலை அது.

கேள்வி (ஓய்வு பெற்ற ராணுவ வீரர், வேலூர்): கூடுதல் படை அனுப்பிய பிறகு சாவு எண்ணிக்கை குறைந்தது கண்கூடு. தளபதி பெட்ரேயஸ் வென்று காட்டினார். தோற்றோம் என்றவர்கள் தவறிவிட்டார்கள் என்று நேர்மையாக ஒப்புக்கொள்வதில் என்ன தயக்கம்?

பதில்: தங்கள் கேள்வியின் முற்பாதியை எந்தத் தயக்கமும் இன்றி ஏற்கிறேன். 2007இல் ஏறத்தாழ 900 அமெரிக்க வீரர்கள் ஈராக்கில் இறந்தனர். போர் ஆண்டுகளிலேயே அதுதான் மிகக் கொடியது. 2008இல் அது ஏறத்தாழ 310 ஆகக் குறைந்தது. ஈராக்கியப் பொதுமக்களின் சாவும் பெரிதும் குறைந்தது. கூடுதல் படையால் எதுவுமே நடக்கவில்லை என்று ரீட் சொன்ன பகுதி, ஓராண்டுக்குள் பொய்த்துப்போனது. படைகளில் பெரும்பகுதி அப்போது போய்ச் சேர்ந்திருக்கவே இல்லை என்பதால், அது அவசரத்தில் சொன்ன சொல்லும்கூட.

பிற்பாதிக்கு வருவோம். வன்முறை குறைந்ததற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு. கூடுதல் படையும், முகாம்களை விட்டு வெளியே வந்து குடியிருப்புகளுக்குள் தங்கிக் காவல் காக்கும் பெட்ரேயஸின் முறையும் ஒன்று. இரண்டாவது, அன்பார் மாகாணத்துச் சுன்னிக் குடித்தலைவர்கள் அல் காயிதாவுக்கு எதிராகத் திரும்பியது. சத்தார் அபு ரீஷா ரமாதியில் அதைத் தொடங்கியது 2006 செப்டம்பரில், அதாவது புஷ் அறிவிப்புக்கு நான்கு மாதம் முன்பே. பிறகு அந்த ஏற்பாடு விரிந்து, ஒரு லட்சம் பேரளவில் மாதம் சுமார் 300 டாலர் ஊதியத்தில் அமெரிக்கர்களோடு சேர்ந்து காவல் புரிந்தார்கள். மூன்றாவது, ஷியா தலைவர் முக்தாதா அல் சதர் 2007 ஆகஸ்ட் 29 அன்று தம் படையின் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. நான்காவது சொல்லவே கூசுவது: பாக்தாதின் கலப்புக் குடியிருப்புகள் பலவற்றில் துரத்தப்பட வேண்டியவர்கள் ஏற்கெனவே துரத்தப்பட்டுவிட்டார்கள். இவற்றில் எதற்கு எத்தனை பங்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. படையின் பாதுகாப்பு இல்லாமல் குடித்தலைவர்கள் அந்த அளவுக்குத் துணிந்திருக்க மாட்டார்கள் என்பதே என் கருத்து; ஆகவே முதல் காரணத்தை நான் குறைத்து மதிக்கவில்லை.

ஆனால் படை எதற்கு அனுப்பப்பட்டது? ஈராக்கியத் தலைவர்கள் தங்களுக்குள் சமரசம் செய்துகொள்ள மூச்சுவிடும் இடைவெளி வாங்கித் தருவதற்கு என்று புஷ் அரசே சொன்னது. இடைவெளி கிடைத்தது, சமரசம் மட்டும் கிடைக்கவில்லை.

கேள்வி (அதே ராணுவ வீரர், வேலூர்): சுற்றி வளைக்கிறீர்கள். வென்றார்களா, இல்லையா?

பதில்: சண்டையில் வென்றார்கள். அந்தச் சண்டை எதற்காக நடந்ததோ அதை அடையவில்லை.

கேள்வி (இதழியல் மாணவர், சென்னை): போரின் முன்னேற்றத்தை அளக்க அமெரிக்க நாடாளுமன்றம் எண்களால் ஆன இலக்குகள் வகுத்ததாகப் படித்தேன். எண்கள் இருந்துமா கட்சிச் சண்டை தீரவில்லை?

பதில்: இதுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. 2007 மே மாதச் சட்டம் ஈராக் அரசுக்குப் பதினெட்டு இலக்குகளை விதித்தது: எண்ணெய் வருவாயைப் பங்கிடும் சட்டம், சதாமின் பாத் கட்சிக்காரர்களை மீண்டும் பணிக்குச் சேர்ப்பது, மாகாணத் தேர்தல் இப்படி. ஜூலையில் வெள்ளை மாளிகை மதிப்பிட்டபோது எட்டில் திருப்தியான முன்னேற்றம், எட்டில் இல்லை, இரண்டில் இரண்டுங்கெட்டான் நிலை. செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் அதே பதினெட்டை எடுத்துக்கொண்டு, மூன்று நிறைவேறின, நான்கு ஓரளவு நிறைவேறின, பதினொன்று நிறைவேறவில்லை என்று எழுதியது.

இரண்டு மாதத்தில் நாடு தலைகீழாக மாறிவிடவில்லை. முன்னேற்றம் இருக்கிறதா என்று வெள்ளை மாளிகை கேட்டது. நிறைவேறியதா என்று தணிக்கையாளர் கேட்டார். பாதிக் கிணறு தாண்டியவனுக்கு முன்னவர் மதிப்பெண் போட்டார், பின்னவர் போடவில்லை. இரு கட்சியினரும் தத்தமக்கு ஏற்ற தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதே செப்டம்பரில் பெட்ரேயஸ் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். வர்ஜீனியாவின் ஜான் வார்னர், அதிபரின் சொந்தக் கட்சிக்காரர், முன்னாள் கடற்படைச் செயலர், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த உத்தி அமெரிக்காவைப் பாதுகாப்பானதாக ஆக்குகிறதா? உண்மையில் தமக்குத் தெரியவில்லை என்று தளபதி பதில் சொன்னார். அன்றே பிறகு ஆம் என்று விளக்கம் அளித்துவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் முதலில் வாயில் வந்த அந்தப் பதிலை நான் குற்றமாகக் கருதவில்லை. போரை நடத்துவது தளபதியின் வேலை. அந்தப் போர் எதற்கு என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வார்னரின் பக்கத்திலும் எதிரிலும் அமர்ந்திருந்தார்கள்.

கேள்வி (இல்லத்தரசி, தஞ்சாவூர்): வீரர்கள் களத்தில் நிற்கும்போது தோற்றுவிட்டோம் என்று சொல்வது எதிரிக்கு உதவி செய்வது ஆகாதா?

பதில்: அம்மா, 2007இல் குடியரசுக் கட்சியினர் கேட்டதும் இதைத்தான், மனித இயல்புக்கு ஏற்ற கேள்வியும்கூட. எதிரி உங்கள் நாடாளுமன்றப் பேச்சைக் கேட்கிறான் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இதே குற்றச்சாட்டு மறுபக்கத்திலிருந்தும் வரலாம் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார். அப்போதும் நியூயார்க்கும் சார்ல்ஸ்டனும் பிரிட்டன் கையில்தான் இருந்தன. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் போரைத் தொடர விரும்பினார். 1782 பிப்ரவரி 27 அன்று பிரிட்டிஷ் மக்களவை, அமெரிக்காவில் தாக்குதல் போரைத் தொடரக் கூடாது என்று 234க்கு 215 என்ற கணக்கில் முடிவு செய்தது. சில நாள் கழித்து இன்னொரு தீர்மானத்தில், போரைத் தொடரச் சொல்லி ஆலோசனை கூறுவோரே நாட்டின் பகைவர் என்று எழுதியது! மார்ச் மாதத்தில் பிரதமர் நார்த் பிரபு விலகினார்.

கேள்வி (ஆசிரியர், திருநெல்வேலி): தலைவர்கள் சண்டையிடுவது புரிகிறது. பொதுமக்களும் அப்படியே கட்சி வாரியாகப் பிரிவது ஏன்?

பதில்: அறிஞர்களிடையே மூன்று விளக்கங்கள் உண்டு. சவப்பெட்டிகள் கூடக் கூட ஆதரவு குறையும் என்றார் ஜான் மியூலர். சாவைவிட, வெல்வோம் என்ற நம்பிக்கையே ஆதரவைத் தாங்கிப் பிடிக்கிறது என்றார் பீட்டர் ஃபீவரும் அவருடைய கூட்டாளிகளும். இந்த ஃபீவர் 2005இல் வெள்ளை மாளிகைப் பணிக்குச் சென்றார்; அவ்வாண்டு நவம்பரில் புஷ் வெளியிட்ட ஈராக் உத்தி ஆவணத்தில் வெற்றி என்ற சொல் தலைப்பிலேயே இருந்ததும், அதன்பின் புஷ்ஷின் பேச்சுகளில் அது திரும்பத் திரும்ப ஒலித்ததும் தற்செயல் அல்ல. மக்கள் போர்க்களத்தைப் பார்ப்பதில்லை, தாம் நம்பும் கட்சித் தலைவர்களின் முகத்தைப் பார்க்கிறார்கள் என்றார் ஆடம் பெரின்ஸ்கி.

நான் மூன்றாமவர் பக்கம் சாய்கிறேன். 1999இல் கிளிண்டன் கொசோவோவுக்காக விமானத் தாக்குதல் நடத்தியபோது, அதை ஆதரிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 213க்கு 213 என்று சமநிலையில் விழுந்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியினர். 2024 ஏப்ரலில் உக்ரைனுக்கான நிதி மசோதாவுக்கு ஜனநாயகக் கட்சியினர் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை. குடியரசுக் கட்சியில் 101 பேர் ஆதரவு, 112 பேர் எதிர்ப்பு. வெல்ல முடியாத போருக்கு ஏன் பணம் என்ற வாதம் இம்முறை வலப்பக்கத்திலிருந்து வந்தது. எப்போதுமே இப்படி இருந்ததில்லை. வியட்நாம் போரின்போது ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சனின் அரசை 1966இல் செனட் விசாரணையில் குடைந்தெடுத்தவர் அதே கட்சியின் ஃபுல்பிரைட்.

கேள்வி (கணினிப் பொறியாளர், பெங்களூரு): தோற்றுவிட்டதாக நம்பிய ஜனநாயகக் கட்சி பணத்தை நிறுத்தியிருக்கலாமே?

பதில்: முயன்றார்கள். படை விலக்கத்துக்கு நாள் குறித்த நிதி மசோதாவை நிறைவேற்றினார்கள். 2007 மே 1 அன்று புஷ் தமது தடுப்பதிகாரத்தால் அதைத் திருப்பினார். அதை மீறி நிறைவேற்றத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு அவர்களிடம் இல்லை. அதே மாத இறுதியில் நாள் குறிக்காத மசோதாவுக்கு இணங்கினார்கள். களத்தில் நிற்கும் வீரனின் சோற்றில் கை வைத்தவர்கள் என்ற பெயர் எடுக்க யாரும் துணியவில்லை.

கேள்வி (தொழில்முனைவோர், சேலம்): வெற்றி கைக்கு வந்த பிறகு ஒபாமா படையை விலக்கிப் பாழாக்கினார், அதனால்தான் ஈராக்கின் மோசூல் நகரம் வீழ்ந்தது என்கிறார்களே?

பதில்: 2011 இறுதிக்குள் எல்லாப் படைகளும் வெளியேற வேண்டும் என்ற ஒப்பந்தம் 2008 நவம்பரில், புஷ் ஆட்சியில் கையெழுத்தானது. ஒரு சிறு படையை நிறுத்திவைக்க ஒபாமா அரசு பேசிப் பார்த்தது. அமெரிக்க வீரர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தர ஈராக் நாடாளுமன்றம் ஆயத்தமாக இல்லை என்பதில் அது முறிந்தது. ஒபாமா இன்னும் அழுத்தியிருக்கலாம் என்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அவருக்கு அங்கே தங்கும் ஆசை இருந்ததில்லை.

ஆனால் கடைசி அமெரிக்க வாகனம் குவைத் எல்லையைக் கடந்தது 2011 டிசம்பர் 18. மறுநாளே சுன்னிப் பிரிவைச் சேர்ந்த துணை அதிபர் தாரிக் அல் ஹாஷிமியைக் கைது செய்ய ஆணை பிறந்தது. பிரதமர் மாலிகி ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை. அமெரிக்கர்களை நம்பி அல் காயிதாவை எதிர்த்து நின்ற சுன்னிகளுக்கு வாக்களித்த அரசுப் பணியும் பெரும்பாலோருக்குக் கிட்டவில்லை. 2014 ஜூன் 10 அன்று மோசூல் ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் கையில் விழுந்தபோது அந்நகரைக் காக்க உயிரைக் கொடுக்க ஆளில்லாமல் போனதற்கு வேர் அங்கே இருக்கிறது. அதற்கும் அடியில், 2003 மே மாதத்தில் ஈராக் ராணுவத்தை ஒரே ஆணையில் கலைத்துப் பகையைப் பாத்தி கட்டி வளர்த்த தவறு இருக்கிறது. எந்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார் என்பதைக் கேட்டாலே ஒருவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம்.

கேள்வி (நூலகர், மதுரை): தம் கட்சியை மீறிப் பேசியவர்கள் யாருமே இல்லையா?

பதில்: உண்டு. போரை ஆதரித்த ஜோ லீபர்மன் 2006இல் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் தோற்று, சுயேச்சையாக நின்று வென்றார். குடியரசுக் கட்சியில் செனட்டர் சக் ஹேகல் கூடுதல் படையை எதிர்த்தார். அதை ஏற்கவில்லை என்ற தீர்மானத்துக்கு 2007 பிப்ரவரியில் அக்கட்சியின் பிரதிநிதிகள் பதினேழு பேர் வாக்களித்தார்கள்.

அவர்களில் வட கரோலினாவின் வால்டர் ஜோன்ஸை எனக்கு மறக்க முடியவில்லை. போரை எதிர்த்த பிரான்சின் மீதுள்ள சினத்தில், 2003இல் நாடாளுமன்றச் சிற்றுண்டிச் சாலையின் பட்டியலில் பிரெஞ்சு வறுவலை விடுதலை வறுவல் என்று மாற்ற முன்னின்றவர் அவர். அவருடைய தொகுதியில்தான் மரீன் படையினரின் பெரிய முகாமான லஜூன் இருக்கிறது. அதே ஆண்டில் ஒரு வீரரின் இறுதிச் சடங்குக்குப் போய்வந்த பிறகு அவர் மனம் மாறத் தொடங்கியது. 2005இல் படை விலக்கத்துக்கு நாள் குறிக்கச் சொன்னார். போருக்கு வாக்களித்ததற்குக் கழுவாயாக, இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பி, ஒவ்வொன்றிலும் தாமே கையொப்பமிட்டார். 2019இல் அவர் இறந்தபோது அந்தக் கடிதங்கள் பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தன.