ஜியாலஜி முடித்தவர்களுக்கு எண்ணெய் துறையில் வேலை: கேள்வி பதில்

சார், எம்.எஸ்சி. ஜியாலஜி கடைசி வருடம் படிக்கிறேன். அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யில் சேர கேட் (GATE) தேர்வு எழுதினால் போதுமா?

எழுதுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஓ.என்.ஜி.சி. சில வருடம் கேட் மதிப்பெண் பார்த்து ஆள் எடுக்கும், சில வருடம் தனியாகக் கணினித் தேர்வு வைக்கும். அதே படிப்பை வைத்து யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வையும் எழுதலாம். ஜி.எஸ்.ஐ.க்கும் (இந்திய புவியியல் ஆய்வு நிறுவனம்) மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதுதான் வழி.

அண்ணா, மட் லாகிங் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. "அதெல்லாம் ஜியாலஜிஸ்ட் வேலையே இல்லை" என்று சீனியர்கள் சொல்கிறார்கள். சேரலாமா?

சேருங்கள் தம்பி. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். துளையிடும்போது சேற்றோடு மேலே வரும் பாறைத் துணுக்குகளைச் சலித்து, கழுவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன பாறை என்று எழுத வேண்டும். புற ஊதா விளக்கில் எண்ணெய் ஒளிர்கிறதா, மீத்தேன் வாயுவின் அளவு ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். 12 மணி நேர ஷிப்ட், சேறும் சத்தமும். ஆழமான கிணற்றில் துணுக்கு மேலே வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கையில் இருக்கும் கல் இப்போது வெட்டுகிற ஆழத்துக் கல் அல்ல. இந்தக் கணக்கு எனக்குத் துளையிடும் இடமான ரிக்கில்தான் உறைத்தது, வகுப்பில் அல்ல. நன்றாகச் செய்தால் சில வருடங்களில் கிணற்றடியில் பாறை வேலைக்குப் பொறுப்பான வெல்சைட் ஜியாலஜிஸ்ட் ஆகலாம்.

ஒன்று மட்டும்: ரிக் இல்லாத மாதத்தில் சம்பளம் உண்டா, இன்சூரன்ஸ் யார் கட்டுவார்கள் என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன்.

கச்சா எண்ணெய் விலை விழுந்தால் முதலில் வேலை போவது நமக்குத்தானே?

ஆமாம். முதலில் வெட்டுவது தேடலுக்கான செலவைத்தான். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது, 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. என்னோடு இருந்த நல்ல ஜியாலஜிஸ்டுகள் பலர் அப்போது வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த மாதிரி வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் தங்களைக் குறை சொல்லிக்கொள்ளக் கூடாது. விலை மீளும் வரை பைத்தான் நிரல்மொழி, ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடத் தரவு) கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர், சுரங்கம், சுரங்கப்பாதை என எங்கே போனாலும் அவை உதவும்.

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். காவிரிப் படுகையிலேயே வேலை கிடைக்குமா?

குறைவு. காரைக்காலில் ஓ.என்.ஜி.சி. இருக்கிறது, பழைய கிணறுகளும் ஓடுகின்றன. ஆனால் 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலைத் தடுக்கிறது. விளைநிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு தேவை என்பதுதான் என் கருத்தும். ராஜமுந்திரி, அசாம், ராஜஸ்தானின் பார்மர் என்று கிளம்பத் தயாராக இருங்கள்.

அக்கா ஒருவர் புவிவெப்பம் (பூமிக்குள் இருக்கும் வெப்பத்தைப் பயன்படுத்துவது) படி என்கிறார். அதில் வேலை இருக்கிறதா சார்?

லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் புவிவெப்ப மின்சாரத்துக்காக ஓ.என்.ஜி.சி. 2021-ல் ஒப்பந்தம் போட்டது. நம் நாட்டில் இப்போதைக்கு இடங்கள் சிலதான். ஆர்வம் இருந்தால் படியுங்கள். கூடவே ஐதராபாத்தில் தலைமையகம் உள்ள அணுக் கனிம இயக்ககத்தின் அறிவிப்புகளையும் பாருங்கள். யுரேனியம் தேட அவர்களுக்கும் ஜியாலஜிஸ்ட் வேண்டும்.