அம்மாவின் முழங்கால் வலி: நேரத்தைக் கூட்டாதீர்கள், ஹெர்ட்ஸை மாற்றுங்கள்

அண்ணே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் அம்மாவின் முழங்காலுக்குக் கரண்ட் அக்குபங்சர் (குத்திய ஊசிகளில் லேசான மின்சாரம் செலுத்துவது) வைத்தும் வலி சில மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது, தினமும் ஒரு மணி நேரம் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மணிக்கணக்கில் தூண்டினால் உடம்பே சிசிகே என்ற பெப்டைடை (சின்னப் புரதத் துண்டு) விட்டு, உடம்பு தானே சுரக்கும் வலி குறைக்கும் பொருளான ஓபியாய்டின் வேலையைக் கெடுக்கும். 30 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

மெஷின் 100 ஹெர்ட்ஸிலேயே, அதாவது விநாடிக்கு 100 துடிப்பிலேயே, ஓடுகிறது என்றீர்களே, எனக்குச் சந்தேகமே அதில்தான். பெய்ஜிங்கில் ஆய்வாளர் ஹான் ஜிஷெங் எலிகளில் செய்த சோதனைகளில், 2 ஹெர்ட்ஸுக்கு என்கெஃபாலின் என்ற ஓபியாய்டு சுரந்தது. 100 ஹெர்ட்ஸுக்குத் தண்டுவடத்தில் டைனார்ஃபின் என்ற இன்னொரு ஓபியாய்டு சுரந்தது. இரண்டும் நரம்பு செல்களில் உள்ள வேறு வேறு ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, வலி மூளைக்கு ஏறாமல் தடுக்கின்றன. ஆகவே 2, 100 என்று மூன்று மூன்று விநாடி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். 2-இல் தசை துடிப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்; எரிந்தால் கரண்ட் அதிகம்.

பேஸ்மேக்கர் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். ஓபியாய்டைத் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை எடுத்தால் ஊசி பெரும்பாலும் வீண், அந்த மாத்திரை அதே ஏற்பிகளை அடைத்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுத்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். போடுபவர், அக்குபங்சர் செய்பவர்களைப் பதிவு செய்யும் அல்லைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சிலில் பதிந்தவரா என்றும் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.