1943இல் வந்த சில அமெரிக்கப் பாட்டுகளில் வாத்தியமே இல்லையே, ஏன்?

வேலைநிறுத்தம்தான் காரணம். இசைத்தட்டும், காசு போட்டால் தட்டைப் பாடவைக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டியும் வாத்தியக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கின்றன, விற்கும் தட்டுக்கு ராயல்டி வேண்டும் என்று கேட்டு, அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவுகளை நிறுத்திவிட்டார். வானொலியில் நேரடியாக வாசிக்கத் தடையில்லை.

ஆனால் பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை! இசைத்தட்டுக் கம்பெனிகள் அந்த ஓட்டையில் புகுந்தன. கொலம்பியா கம்பெனிக்காக 1943 ஜூனில் ஃபிராங்க் சினாட்ரா பாடியபோது பின்னணியில் பாபி டக்கர் குழுவின் குரல்கள் மட்டும்தான். ‘யூ வில் நெவர் நோ’ பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள்: வயலின்கள் இழைய வேண்டிய இடத்தில் ‘ஊ...’ என்று குரல்கள் இழையும். கொஞ்சம் தேவாலய வாடை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். இதே பாட்டை டெக்காவுக்கு டிக் ஹேம்ஸ் பாடியதும் இப்படித்தான், துணைக்கு சாங் ஸ்பின்னர்ஸ் குழு.

டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கிவந்தது. கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் 1944 நவம்பர் வரை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ராயல்டிக்கு ஒப்புக்கொண்டன.