மேஜர் லீக் பேஸ்பாலின் 30 மைதானங்களையும் (29 அமெரிக்காவில், ஒன்று கனடாவில்) ஒரே சீசனில் பார்த்து முடிக்க முடியுமா? எப்படித் திட்டமிடுவது?

முடியும். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஆட்டம் நடக்கிறது, நேரம் தாராளமாக இருக்கிறது. ஆனால் வரைபடத்தை மட்டும் பார்த்துப் போடும் திட்டம் சரிவராது. சியாட்டிலில் புறப்பட்டு கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃப்ளோரிடா, நியூயார்க் என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக்கொண்டு கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போய்ச் சேரும் நாளில் அந்த அணி ஊரில் இருக்க வேண்டுமே? ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டம், சொந்த மைதானத்தில் 81தான். ஆறு முதல் பத்து நாள் வரை ஊரில் ஆடுவார்கள், இதை ஹோம்ஸ்டாண்ட் என்பார்கள். பிறகு கிட்டத்தட்ட அதே அளவு நாள் வெளியூர். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு அட்டவணையைக் கையில் எடுங்கள்.

முதலில் நாள் குறிக்க வேண்டியவை அக்கம்பக்கத்தில் இரண்டு அணிகள் உள்ள இடங்கள்: சிகாகோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ்–அனஹைம், பால்டிமோர்–வாஷிங்டன். சிகாகோவில் இரண்டு மைதானங்களும் ஒரே ரெட் லைன் ரயிலில்தான் இருக்கின்றன. கப்ஸ் அணியின் ரிக்லி ஃபீல்டுக்கு அடிசன் நிலையம், ஒயிட் சாக்ஸ் அணியின் மைதானத்துக்கு சாக்ஸ்–35. ஆனால் கப்ஸ் ஊரில் இருக்கும்போது ஒயிட் சாக்ஸ் பெரும்பாலும் வெளியூரில் இருக்கும். ஒரு அணி கிளம்பி மற்றது வந்து சேரும் நாளைத் தேடுங்கள். புதன் அல்லது வியாழன் பகலில் ஒரு தொடர் முடியும், அதற்கு கெட்அவே டே என்று பெயர். வெள்ளி இரவு அடுத்த அணி தொடங்கும். இந்த நான்கு இடங்களுக்கும் இப்படி நாள் குறித்த பிறகு மற்ற ஊர்களை நடுவில் நிரப்புங்கள்.

வடகிழக்கில் பாஸ்டன், நியூயார்க்கின் இரண்டு, ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், வாஷிங்டன் ஆகிய ஆறையும் ஆம்ட்ராக் ரயிலிலேயே முடிக்கலாம், கார் வேண்டாம். அட்லாண்டா, டெக்சாஸின் ஆர்லிங்டன், கான்சாஸ் சிட்டி மைதானங்களுக்கு ரயில் கிடையாது. ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் இடைவேளை வரும், சுமார் நான்கு நாட்களுக்கு எங்கும் வழக்கமான ஆட்டம் இருக்காது. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக்குப் போகும் நீண்ட பயணத்தை அந்த நாட்களில் வையுங்கள்.

ஒரே நாளில் இரண்டு மைதானம் முன்பைவிட இப்போது எளிது. 2023இல் பிட்ச் கிளாக், அதாவது பந்தெறிவதற்கான நேர வரம்பு, வந்தது. பேஸில் (ஓடுபவர்கள் நிற்கும் இடம்) ஆள் இல்லாவிட்டால் பந்தெறிய 15 விநாடி, ஆள் இருந்தால் இப்போது 18. மூன்று மணி நேரத்தைத் தாண்டி இழுத்த ஆட்டம் சுமார் 2 மணி 40 நிமிடத்தில் முடிகிறது. கப்ஸின் 1:20 ஆட்டம் நாலு மணிக்கு முடிந்தால், சுமார் 90 மைல் தள்ளியிருக்கும் மில்வாக்கியில் 6:40 ஆட்டத்தைப் பிடிக்கலாம். ஞாயிறன்று முயல வேண்டாம், அன்று பெரும்பாலான அணிகள் பகலிலேயே ஆடும். வெள்ளி மாலைப் போக்குவரத்தை நம்பியும் இறங்காதீர்கள்.

திட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மழைதான். டொராண்டோ, மில்வாக்கி, சியாட்டில், ஃபீனிக்ஸ், ஹூஸ்டன், ஆர்லிங்டன், மயாமி ஆகிய ஏழிலும் திறந்து மூடும் கூரை உண்டு. தாம்பா பே அணியின் டிராபிகானா ஃபீல்டுக்கு நிரந்தரக் கூரை. மற்ற இடங்களில் ஆட்டம் தள்ளிப்போனால் பணம் பொதுவாகத் திரும்ப வராது, அந்த டிக்கெட் மாற்று ஆட்டத்துக்குச் செல்லும். தொடரின் முதல் ஆட்டம் என்றால் மறுநாளே டபுள்ஹெடராக, அதாவது ஒரே நாளில் இரண்டு ஆட்டமாக, வைத்துவிடுவார்கள். கடைசி ஆட்டம் என்றால் அந்த எதிரணி மறுபடி ஊருக்கு வரும்வரை வாரக்கணக்கில் தள்ளிப்போகும், உங்கள் டிக்கெட் வீண். அதனால் தொடரின் முதல் நாளையோ நடு நாளையோ எடுங்கள். மேலே சொன்ன கெட்அவே டே ஆட்டம் தொடரின் கடைசி ஆட்டம்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால்தான் சிகாகோவையும் நியூயார்க்கையும் ஏப்ரலில் வைக்காமல் கோடையில் வைக்கச் சொல்கிறேன்.

டிக்கெட் வாங்கும்போது பலர் கவனிக்காத ஒன்று வெயில். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று விதிப்புத்தகமே சொல்கிறது, மாலைச் சூரியன் பேட்டரின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. அப்படிக் கட்டிய மைதானத்தில் சூரியன் ஹோம் பிளேட்டுக்கும் மூன்றாம் பேஸுக்கும் பின்னால் இறங்கும். நிழல் முதலில் விழுவது அந்தப் பக்கம். முதல் பேஸ் பக்கமும் வலது மூலையும் கடைசிவரை காயும். டெட்ராய்ட் போன்ற சில மைதானங்கள் வேறு திசை பார்த்தவை, அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.

பை 16×16×8 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். முதுகுப்பையைப் பல மைதானங்கள் அனுமதிப்பதில்லை, சிலவற்றில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைதான். அந்தந்த மைதானத்தின் விதியை முந்தின நாளே பாருங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பல இடங்களில் வெளிச் சாப்பாட்டையும் திறக்காத தண்ணீர் பாட்டிலையும் விடுகிறார்கள். கண்ணாடி, டின் கூடாது. புளிசாதத்தை ஜிப் கவரில் போட்டுக் கொண்டுபோனால் போதும்.

டொராண்டோவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் (அமெரிக்க கிரீன் கார்டு இல்லாவிட்டால்) கனடா விசா எடுத்தாக வேண்டும், மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதற்கான உங்கள் விசா முத்திரையின் தேதியையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்காக ஊர் சுற்றுவதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு என் பதில் இரண்டு இடங்கள். பாஸ்டனின் ஃபென்வே பார்க், 1912இல் திறந்தது. வலது பக்கத்தில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு: பிரிவு 42, வரிசை 37, இருக்கை 21. 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து விழுந்த இடம். அங்கே உட்கார்ந்து ஹோம் பிளேட்டைப் பார்த்தால் பேட்டர் கட்டைவிரல் உயரம் தெரிவார். டென்வரில் மேல்தளத்தின் 20ஆம் வரிசை முழுக்க ஊதா, கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல். டிவியில் இந்தத் தூரமும் உயரமும் பிடிபடாது. ஆட்டம் பார்க்காமல் டூர் மட்டும் போய்விட்டு எண்ணுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒன்பது இன்னிங்ஸும் உட்கார வேண்டும்.

சேக்ரமெண்டோவை எண்ணலாமா? ஏ'ஸ் (அத்லெடிக்ஸ்) அணி 2025 முதல் ஆடுவது அங்கேதான், அதனால் எண்ணத்தான் வேண்டும். சுமார் 14,000 பேர் கொள்ளும் சிறு லீக் மைதானம் அது. 1968 முதல் 57 சீசன் ஓக்லாந்தில் ஆடிய அணி. 2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். இத்தனை பேர் உள்ள ஊரிலிருந்து அணியைப் பிடுங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. கேள்விக்குத் தொடர்பில்லைதான், ஆனாலும் பட்டியலில் அந்தப் பெயரை மாற்றி எழுதும்போது கை கூசுகிறது. 2028இல் லாஸ் வேகஸ் போவதாகத் திட்டம், அப்போது 30 முடித்தவர்களும் மறுபடி கிளம்ப வேண்டும்.

டிக்கெட் எல்லாம் போனில்தான் என்பதால் கையில் காகிதம் எதுவும் மிஞ்சாது. பல மைதானங்களில் கெஸ்ட் சர்வீசஸ் மேசையில் கேட்டால் முதல் வருகைச் சான்றிதழ் இலவசமாகத் தருவார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய் வாங்கிவிடுங்கள், ஏழாவது இன்னிங்ஸில் அங்கே வரிசை நிற்கும்.