வாசகர் கேள்விகள்: முகாம் என்ற ஒரே சொல்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. வரலாற்றுப் பாடத்தில் ஹிட்லரின் வதைமுகாம் பற்றிப் படித்துவிட்டு, "நம்ம மண்டபம் கேம்பும் அதுவும் ஒண்ணாம்மா?" என்று கேட்டாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளை மண்டபம் முகாமிலிருந்து வருகிறவள். பதில் தெரியாமல், அப்புறம் சொல்கிறேன் என்றுவிட்டேன்.
- ஒரு வாசகி, உச்சிப்புளி

பதில்: இல்லவே இல்லை, ரெண்டும் ஒண்ணு இல்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள் அம்மா. குழப்பம் பிள்ளை மேல் இல்லை, நம் சொல்லில் இருக்கிறது. கண் சிகிச்சை முகாம், அகதி முகாம், வதைமுகாம் எல்லாவற்றுக்கும் ஒரே முகாம்தான் வைத்திருக்கிறோம், ரயில் நிலையத்தின் பெயரே மண்டபம் கேம்ப். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை, நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க நிறுத்திவைத்த இடம் அது. 1983-க்குப் பிறகு உயிருக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர்களுக்கு இருப்பிடமானது. அங்கே குறையே இல்லை என்று சொல்லமாட்டேன், சின்ன அறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் சாவிலிருந்து தப்பி இங்கே வந்தவர்கள். நாஜிகளின் முகாம்களுக்கோ ஆட்களைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். 1933-ல் டாஹாவ் என்ற ஊரில் தொடங்கியபோது அது அரசியல் எதிரிகளை அடைத்துவைக்கும் இடம். ஆஷ்விட்ஸுக்கு வரும்போது கொல்வதே வேலையாகிவிட்டது, அங்கே மட்டும் சுமார் 11 லட்சம் பேரைக் கொன்றார்கள், அதில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள்.

தோழியிடம் இதைப் பற்றி உங்கள் மகளாகப் போய்க் கேட்க வேண்டாம். அந்தப் பிள்ளையாகச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கட்டும்.

கேள்வி: அந்த முகாம்களில் சின்னப் பிள்ளைகள் யாராவது தப்பித்தார்களா?
- ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: ரொம்பக் கொஞ்சம் பேர். கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் 15 லட்சம் பேர் குழந்தைகள். வேலைக்கு ஆகாதவர்கள் என்று பிள்ளைகளையும் வயதானவர்களையும் ரயிலை விட்டு இறங்கிய இடத்திலேயே பிரித்து நேராக நச்சுவாயு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். தப்பித்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் தாமஸ் பூர்கெந்தால், 1934-ல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். போலந்தின் கியெல்ட்ஸே நகரில் யூதர்களை அடைத்துவைத்த பகுதியில் பெற்றோரோடு மாட்டிக்கொண்டார். அங்கே பிள்ளைகளைத் தனியாகப் பிரித்தபோது இந்தப் பொடியன் அதிகாரி முன்னால் போய் நின்று, ஜெர்மன் மொழியில், "என்னால் வேலை செய்ய முடியும்" என்று சொன்னான். அம்மா ஜெர்மனியைச் சேர்ந்தவர், அதனால் அது அவனுக்கு வீட்டு மொழி. அதிகாரி விட்டுவிட்டார். 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் போனபோது அவனுக்குப் பத்து வயது. கையில் பச்சை குத்திய எண் பி-2930, அடுத்த எண் அவன் அப்பாவுக்கு.

1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கவும், கைதிகளைப் பனியில் நடத்தியே கிளப்பிக்கொண்டு போனார்கள். நம்மூர்க் கணக்கில், இராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற தூரத்துக்குக் குறையாது, மூன்று நாள். பின்தங்கினால் சுட்டுவிடுவார்கள். அந்தப் பையனும் இரண்டு சிறுவர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வேகமாக நடந்து வரிசையின் முன்னால் போய்விடுவது, பிறகு ஏறக்குறைய நின்றபடியே மெதுவாக அடியெடுத்து வைப்பது, கூட்டம் இவர்களைத் தாண்டிப் போய் வால் பக்கம் வருவதற்குள் அவ்வளவு நேரம் கால்களுக்கு ஓய்வு, மறுபடி முன்னால் ஓட்டம். பத்து வயதில் யார் சொல்லிக்கொடுத்தது இதை?

அப்புறம் கூரையில்லாத சரக்கு ரயில். செக் நாட்டு ஊர்களைக் கடக்கும்போது பாலங்களின் மேல் நின்றவர்கள் ரொட்டியைப் பெட்டிகளுக்குள் வீசினார்கள், அது இல்லாவிட்டால் பிழைத்திருக்க மாட்டேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு 1990 ஞாபகம் வந்தது. தனுஷ்கோடி மணலில் நனைந்த துணியோடு வந்து இறங்கியவர்களுக்கு எங்கள் அம்மா தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோனார், தொட்டுக்கொள்ளக் கருவாடு. ஒரு சின்னப் பெண் சட்டியின் கைப்பிடியை விடவே இல்லை, அம்மா சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

ரயில் சாக்சன்ஹாவ்சன் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. பனியில் விறைத்துப்போன இரண்டு கால்விரல்களை அங்கே வெட்டி எடுத்தார்கள். அதே முகாமில் கைதியாக இருந்த நார்வேக்காரர் ஒட் நான்சன் நோயாளிக் கொட்டடிக்குத் தேடி வந்து அவனுக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்டார். நாடில்லாத அகதிகளுக்குப் பயண ஆவணம் வாங்கிக்கொடுத்த பிரிட்யோஃப் நான்சனின் மகன் அவர். 1945 ஏப்ரலில் பையனுக்கு விடுதலை கிடைத்தது.

கேள்வி: 1990-ல் வீட்டை விட்டுப் போன என் அண்ணன் திரும்பி வரவில்லை. அம்மா இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்தக் கொடுமையில் தப்பியவர்கள் யாராவது எங்களைப் போன்றவர்களுக்காகப் பேசியதுண்டா?
- மண்டபம் முகாமிலிருந்து ஒருவர்

பதில்: உண்டு தம்பி. மேலே சொன்ன அதே பையன்தான். அப்பா முகாமிலேயே இறந்துவிட்டார். பிள்ளை போலந்தில் ஓர் அனாதை இல்லத்தில் இருந்தான், அம்மா பிழைத்து ஜெர்மனியில் அவனைத் தேடிக்கொண்டிருந்தார். பாலஸ்தீனத்துக்குப் போகப் பதிந்திருந்த பிள்ளைகளின் பட்டியலில் அவன் பெயர் இருந்தது, தேடப்படுகிறவர்களின் பட்டியலிலும் அதே பெயர் இருந்தது. யாரோ ஓர் அலுவலர் இரண்டையும் பொருத்திப் பார்த்தார். 1946 டிசம்பர் கடைசியில் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தார்கள், பிரிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் அமெரிக்கா போய்ச் சட்டம் படித்து, அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்தில் 1979 முதல் 1991 வரை நீதிபதியாக இருந்தார். ஹோண்டுராஸ் நாட்டில் 1981-ல் ஒரு மாணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு ஆளே இல்லை, அரசு கைவிரித்தது. ஆளைக் காணாமல் ஆக்கியதற்கு அந்த அரசே பொறுப்பு என்று 1988-ல் தீர்ப்பு வந்தது, தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் இவரும் ஒருவர். 2000 முதல் 2010 வரை ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்திலும் இருந்தார். 2023-ல் காலமானார்.

இதை வைத்து உங்கள் அம்மாவுக்கு நான் நம்பிக்கை கொடுக்கக் கூடாது, அதற்கு எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். காணாமல் போனவர்களைத் தேடுவதற்கென்றே சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. இதுவரை பதியவில்லை என்றால் பதிந்துவையுங்கள். அதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அண்ணனின் முழுப்பெயர், பிறந்த தேதி, கடைசியாக யார் எங்கே பார்த்தார்கள், அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார், எல்லாவற்றையும் அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.