வாசகர் கேள்வி பதில்: பாடுற பொம்மையைக் கழற்றலாமா?

கேள்வி: விடுமுறையில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, பழைய சத்தம் போடும் பொம்மைகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் சர்க்யூட்டை மாற்றி இணைத்து வினோதச் சத்தம் வரவைக்கும் ‘சர்க்யூட் பெண்டிங்’ செய்து பார்க்க ஆசை. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. பரவாயில்லையா?
- வாசகி, அண்ணா நகர், சென்னை

பதில்: தாராளமாகச் செய்யலாம். இந்த வேலைக்கு 1992இல் பெயர் வைத்த அமெரிக்கர் ரீட் கசாலாவும் படித்துவிட்டு இதில் இறங்கியவர் இல்லை. 1960களில், பள்ளி வயதில், அவருடைய மூடி இல்லாத பொம்மை ஆம்ப்ளிஃபையர் மேசை இழுப்பறைக்குள் ஏதோ உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆகி வினோதமாகக் கத்தியது. தற்செயலாகவே இவ்வளவு சத்தம் வருகிறதென்றால் வேண்டுமென்றே ஷார்ட் செய்தால் என்ன வரும் என்று பார்க்கக் கிளம்பினார், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். சாதாரண பேட்டரியில் ஓடும் பொம்மை மட்டும்தான். மூன்று ஏஏ செல் என்றால் 4.5 வோல்ட், தொட்டால் ஷாக் அடிக்காது. அடாப்டரில் ஓடுவது, சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி உள்ளது, கேமரா ஃப்ளாஷ் இதெல்லாம் வேண்டாம், அதிலும் ஃப்ளாஷில் இருக்கும் கெபாசிட்டர் செல்லைக் கழற்றிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்துவைத்திருக்கும். பட்டன் செல்களை எண்ணி வாங்கி, எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், வாண்டுகள் விழுங்கிவிட்டால் பெரிய ஆபத்து.

அப்புறம் வேலை எளிது. மூடியைத் திறந்து, பொம்மையைப் பாடவிட்டு, லேசாக ஈரமான விரலை போர்டின் ஈயப் புள்ளிகள் மேல் மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். ஓரிடத்தில் பாட்டு இழுக்கும், அல்லது கீச்சென்று ஓடும். பெரும்பாலும் அங்கேதான் பொம்மையின் வேகத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர், அதாவது மின்சார ஓட்டத்தைத் தடுக்கும் குட்டி உறுப்பு, இருக்கிறது. அதன் மதிப்பு குறைந்தால் உள்ளே இருக்கும் சிப் வேகமாக ஓடி குரல் மேலே போகும், கூடினால் குரல் கட்டையாகிவிடும். உங்கள் தோலும் ஒரு ரெசிஸ்டர்தான், அதனால்தான் விரலுக்கே குரல் மாறுகிறது. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 1 மெகா ஓம் வால்யூம் கன்ட்ரோலைச் சால்டர் செய்தால் (ஈயத்தை உருக்கி ஒட்டினால்) குமிழைத் திருகியே வாசிக்கலாம். வெளிச்சத்துக்கு ஏற்ப மதிப்பு மாறும் எல்டிஆர் என்ற ரெசிஸ்டரைப் போட்டால் கை நிழலுக்கே சுருதி மாறும். இரண்டுமே ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சால்டரிங் பெரியவர்கள் கையில் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு வயர் முனையில் கவ்விப் பிடிக்கும் க்ரோகடைல் கிளிப் போதும், முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தொடுவது ஈயமல்லவா.

கூட்டமாகச் செய்வதில்தான் அசல் வேடிக்கை. அந்த ரெசிஸ்டரின் இரண்டு முனைகளிலிருந்தும் வயர் இழுத்து இரண்டு பேர் ஆளுக்கொன்று பிடித்துக்கொண்டு கை கோத்தால் பாட்டு மாறும், இறுக்கிப் பிடித்தால் இன்னும் மாறும், நடுவில் மூன்றாவது ஆள் நுழைந்தால் வேறு மாதிரி. தயவுசெய்து வரைபடம் அச்சடித்துக் கொடுத்து பாடம் நடத்தாதீர்கள். இரண்டு பேருக்கு ஒரு பொம்மை, ஒவ்வொன்றும் வேறு ரகமாக இருக்கட்டும். கிடைத்த புள்ளியை மார்க்கரால் குறித்துவைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த நிமிடமே தொலைந்துவிடும்.

கேள்வி: நல்ல பொம்மையைப் பாழாக்குவதற்கு இவ்வளவு பில்டப்பா?
- வாசகர், கோவை

பதில்: நல்ல பொம்மையை யார் தொடச் சொன்னது? கை உடைந்து, சக்கரம் போய், பரணில் கிடப்பதை எடுங்கள். சர்க்யூட் பெண்டிங் கூட்டத்தின் செல்லப்பிள்ளை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978இல் கொண்டுவந்த ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’, எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுக்கும் பேசும் பொம்மை. சிப்பே குரலை உருவாக்கும் என்பதால், இரண்டு புள்ளிகளை இணைத்தால் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது உளறத் தொடங்கும். ஆனால் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் நான் கழற்றமாட்டேன், இந்த விஷயத்தில் நான் உங்கள் கட்சி. இசையா, இரைச்சலா என்று கேட்டால், பாதி இரைச்சல்தான் சார்.

கேள்வி: வயரை வைத்ததும் பொம்மை கப்சிப். எரிந்துவிட்டதா?
- வாசகி, திருச்சி

பதில்: அநேகமாக சிப் குழம்பி நின்றிருக்கும். வயரை எடுத்துவிட்டு, செல்களைக் கழற்றி கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள், பெரும்பாலும் பாடத் தொடங்கிவிடும். சூடாகவோ கருகல் வாசனையோ இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். செல்லின் இரண்டு முனைகளையும் நேராக இணைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி வயரில் ஒரு சுவிட்ச் வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்கிற வேலை மிச்சம்.